கடைசியாகத் தொட்டவர்

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள், நாங்கள் எல்லாரும் அக்கா என்று கூப்பிடும் எங்கள் குழுத் தலைவி இரண்டு வாரமாக எழுதி வைத்திருந்த ஒரு கணினிக் கோப்பின் மேல் என்னுடையதை ஏற்றி அழித்துவிட்டேன். தெரியாமல் நடந்ததுதான். பழைய பிரதி இருந்ததால் பத்து நிமிடத்தில் எல்லாம் திரும்பி வந்துவிட்டது. ஆனாலும் மனசு கேட்காமல் அவர் மேசைக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் டிபன் டப்பாவை மூடிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்:

"மன்னிப்பு கேட்டா குடுத்துறணும்னு எங்கனா எழுதிக்கீதா?"

குரலில் கோபம் இல்லை. தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்ளக் கேட்பது போலத்தான் இருந்தது. அதற்குப் பிறகு நான்கு வருடம் அவர் கீழே வேலை பார்த்தேன். அவர் கொண்டுவந்த புளிச்சோற்றைத் தின்றிருக்கிறேன். காய்ச்சலில் கிடந்தபோது அவர் அனுப்பிய மாத்திரையை விழுங்கியிருக்கிறேன். அந்த மூன்றாம் நாளுக்கான மன்னிப்பு மட்டும் கடைசிவரை கிடைக்கவில்லை.

ஒரகடத்தில் எங்கள் அலுவலகம் ஒரு கியர் தொழிற்சாலையை ஒட்டிய கட்டடத்தில் இரண்டாவது மாடியில் இருந்தது. தொழிற்சாலை எந்திரங்களை ஓட்டும் கணினி நிரல்களைச் சரிபார்க்கும் கருவிகள் செய்து கொடுப்பது எங்கள் தொழில். நான் கோவில்பட்டிக்காரன். குன்றத்தூரில் மலைக்கோயிலுக்குப் பின்தெருவில் ஓர் அறை. கூட இருந்தவன் முத்துக்குமார், ஆறாம் வகுப்பிலிருந்து என்னோடு படித்தவன். அவனுக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு ப்ரெஸ் தொழிற்சாலையில் மெயின்டெனன்ஸ் வேலை. காரின் கதவுத் தகடுகளை அழுத்தி எடுக்கும் எந்திரங்கள் அங்கே ஒன்பது உண்டு.

அக்கா மண்ணூர்க்காரர். நான் சேர்ந்தபோது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். டிப்ளமோ முடித்துவிட்டு ஒரு தொழிற்சாலை லைனில் நின்றவர். வேலைக்குப் போய்க்கொண்டே பகுதிநேரமாகப் பட்டம் வாங்கி, பிறகு எங்கள் அலுவலகத்துக்கு வந்து, அங்கே நிரலை எந்திரத்துக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலரை உள்ளும் புறமும் அறிந்த ஒரே ஆள் ஆனவர். ஒல்லியாக இருப்பார். எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிய சடை. ஆண்கள் கட்டும் பெரிய கைக்கடிகாரம். மீட்டிங்கில் அளந்து, திருத்தமாகப் பேசுவார். அவர் வாயிலிருந்து மண்ணூர்ப் பேச்சு வெளியே வந்தால் யாருக்கோ நேரம் சரியில்லை என்று அர்த்தம்.

எது கெட்டுப்போனாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "கடைசியா யார் தொட்டது?" என்பதுதான். பிரிண்டர் நின்றாலும் அதே கேள்வி, ஏசி ஒழுகினாலும் அதே கேள்வி. ஏன் கெட்டது என்று நாங்கள் விளக்கிக்கொண்டிருப்போம். அது அவருக்குப் போதாது. ஆள் வேண்டும்.

அவர் அப்போது செய்துகொண்டிருந்த கருவி என்னவென்று எனக்கு முதல் சில மாதங்கள் பிடிபடவே இல்லை. ஒரு நாள் காலை கம்பெனி பஸ்ஸில் பக்கத்து இருக்கை கிடைத்தபோது கேட்டேன். ஜன்னலுக்கு வெளியே செம்பரம்பாக்கம் ஏரிக்கரை போய்க்கொண்டிருந்தது.

இந்த பஸ்ஸுக்குள் எட்டிப் பார்க்காமலே, கேட்டில் வந்து நிற்கும்போது இதில் யார் யார் இருக்கலாம் என்று சொல்ல முடியுமா என்று கேட்டார். முடியும் என்று அவரே சொன்னார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் யார் ஏறுகிறார், யார் இறங்குகிறார் என்று தெரிந்தால் போதும். இரண்டு சாலைகள் கூடுகிற இடத்தில், இந்தப் பக்கமிருந்தும் அந்தப் பக்கமிருந்தும் யார் வந்திருக்கக்கூடுமோ அத்தனை பேரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நிரலும் அப்படித்தான். ஒரு வரியில் ஒரு மதிப்பு ஏறுகிறது, இன்னொரு வரியில் இறங்குகிறது. எந்த வழியாக எது எங்கே வந்து சேரும் என்று எந்திரத்தை ஓட்டிப் பார்க்காமலே சொல்லிவிடலாம்.

சிக்கல் என்னவென்றால், இந்தச் சாலையோரத் தொழிற்சாலைகளில் ஒன்றில் எந்திரத்தை ஓட்டும் கணினியான கன்ட்ரோலர் ஜப்பானுடையது, அடுத்ததில் ஜெர்மன், அதற்கடுத்ததில் கொரியா. ஒவ்வொன்றுக்கும் வேறு மொழி, வேறு கம்பைலர். ஒவ்வொன்றுக்கும் தனியாக இந்தச் சோதனைக் கருவியை எழுத எங்கள் ஆட்களுக்கு எட்டு மாதம் பிடித்தது. அக்கா கருவியை எழுதவில்லை. கருவியை எழுதும் கருவியை எழுதினார். ஒரு மொழியில் எந்தக் கட்டளை மதிப்பை ஏற்றும், எது இறக்கும், வழிகள் கூடும் இடத்தில் என்ன செய்வது என்று ஒரு பக்கத்துக்கு விதிகளைக் கொடுத்தால் போதும். அந்த மொழிக்கான சோதனைக் கருவி மறுநிமிடம் தானாகப் பிறந்துவிடும்.

"நிறுத்தத்த மட்டும் நீ எழுதிக் குடு. மீதிய அது பாத்துக்கும்," என்றார்.

அந்த பஸ்ஸில் ஹெச்ஆர் அதிகாரி ஒருவர் வந்துகொண்டிருந்தார். முன்வரிசை மேனேஜர்களுக்கு மட்டும் என்று ஒரு விதியைக் கொண்டுவந்து, எல்லார் முன்னாலும் அக்காவை எழுப்பிப் பின்னால் அனுப்பினார். அக்கா பையை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தார். மூன்று வாரம் கழித்து கேன்டீன் சுவரில் ஒரு தாள் ஒட்டப்பட்டிருந்தது. பஸ்ஸின் ஒவ்வொரு நிறுத்தமும், அதில் ஏறுபவர் எண்ணிக்கையும், நிற்கும் நேரமும். ஒரே ஒரு நிறுத்தத்துக்காக பஸ் பிரதான சாலையை விட்டு உள்ளே போய்த் திரும்பியது. அந்த நிறுத்தத்தில் ஏறுபவர் ஒரே ஒருவர். தாளில் யார் பெயரும் இல்லை. தேவையும் இல்லை. அடுத்த மாதம் முதல் அந்த அதிகாரி வெயிலில் முக்கால் கிலோமீட்டர் நடந்து வந்து பஸ் ஏறினார். முன்வரிசை விதியை யாரும் எடுக்கவில்லை. அக்கா பின்னாலேயே உட்கார்ந்து, அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு ஏறுவதை நாள்தோறும் பார்த்தார். நாங்கள் சிரித்தோம். எனக்கு அவரை மிகவும் பிடித்துப்போனது அப்போதுதான்.

ஒரு கிறிஸ்துமஸுக்கு மண்ணூரில் இருந்த அவர் வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். அக்காவின் கணவர் சாமுவேல் அண்ணன் தண்ணீர் கேன் கடை வைத்திருந்தார். இருபது லிட்டர் கேனை இடது தோளில் அநாயாசமாகத் தூக்கிக்கொண்டு வந்தார். வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் இருந்தன. அந்தக் கையாலேயே என் தோளைத் தட்டி உள்ளே கூப்பிட்டார்.

அவர்தான் பக்கத்து வீட்டுக் கதையைச் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரர் பழைய வீட்டை இடித்தபோது ஒரு டிராக்டர் லோடு இடிபாட்டை இவர்கள் வாசலோரம் கொட்டிவிட்டார். அக்கா சண்டைக்குப் போகவில்லை. ஏழு மாதம் அதைச் சுற்றிச் சுற்றித்தான் வீட்டுக்குள் போனார்கள். பக்கத்து வீட்டுப் புதுமனை புகுவிழாவன்று விடிந்தபோது, அந்த லோடு முழுவதும் வாழைமரம் கட்டிய புது கேட்டுக்கு முன்னால் கிடந்தது. ஒரு செங்கல் குறையவில்லை. டிராக்டர் டிரைவரும் அதே ஆள்தானாம். அண்ணன் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, கடைசியில் சிரிப்பை நிறுத்தி, "அந்த வூட்டு அம்மா எங்கம்மா சாவுக்கு மொத ஆளா வந்து நின்னுது தம்பி," என்றார்.

சமையலறையில் அடுப்புக்கு மேலே, காலண்டருக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு தாள் தொங்கியது. விபத்து அறிக்கையின் நகல். கடைசி வரிக்குக் கீழே கோடு போட்டிருந்தது: 'காரணம்: தொழிலாளியின் கவனக்குறைவு.' கீழே ஒரு கையெழுத்து. நான் படிப்பதைப் பார்த்த அண்ணன், எட்டி அதைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைத்தார். குழம்பை இறக்க வந்த அக்கா அதை மறுபடி முன்பக்கமாகத் திருப்பிவிட்டுப் போனார். இது அங்கே வழக்கம் என்று புரிந்தது.

நான் சேர்வதற்கு இரண்டு வருடம் முன்பு நடந்தது அது. அண்ணன் அப்போது ப்ரெஸ் ஆபரேட்டர். எந்திரத்துக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு சென்சார் திரை உண்டு. கை அதைத் தாண்டி உள்ளே இருந்தால் எந்திரம் இறங்கக் கூடாது. அன்று இறங்கியது. மூன்று விரல்கள். சென்சாரைச் சோதித்தார்கள், நன்றாகத்தான் வேலை செய்தது. ஆகவே ஆள்தான் ஏதோ குறுக்குவழி செய்திருக்க வேண்டும் என்று அப்போதைய புரொடக்‌ஷன் மேனேஜர் எழுதிக் கையெழுத்துப் போட்டார். நிரலைச் சோதிக்க முடியாதா என்று அக்கா போய்க் கேட்டபோது, அது பழைய கன்ட்ரோலர், அதன் மொழிக்குச் சோதனைக் கருவியே கிடையாது, உலகத்தில் யாரும் அதற்காக எட்டு மாதம் உட்கார மாட்டார்கள் என்று சொல்லி அனுப்பினார்களாம்.

"எனக்கு வெரல் போனது வலிக்கல தம்பி. மரத்துடுச்சு," என்றார் அண்ணன், பஸ் நிறுத்தத்தில் என்னோடு நின்றபடி. "அவுளுக்கு அந்தப் பேப்பர் வலிச்சிக்கினே கீது."

அடுத்த நாள் அலுவலகத்தில் அக்காவின் கருவி இருந்த கணினிக் கோப்புகளில் தேடிப் பார்த்தேன். அதற்குள் பன்னிரண்டு மொழிகளுக்கு விதிப்பக்கங்கள் எழுதியாகிவிட்டன. வாடிக்கையாளர் கேட்ட வரிசையில்தான் எழுதுகிறோம் என்று எல்லோரும் நினைத்திருந்தோம். தேதிவாரியாக அடுக்கிப் பார்த்தபோது முதலில் எழுதப்பட்டிருந்தது, எந்த வாடிக்கையாளரும் கேட்காத அந்தப் பழைய ப்ரெஸ் கன்ட்ரோலரின் பக்கம். மற்ற பதினொன்றும் அதற்குப் பிறகு வந்தவை. அலுவலகம் முழுக்கப் பெருமைப்பட்ட, அக்காவுக்குப் பதவி உயர்வு வாங்கித் தந்த அந்தக் கருவி எதற்காகப் பிறந்தது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

நான்காம் வருடம், அண்ணனின் விரல்கள் போன அந்த ப்ரெஸ் தொழிற்சாலையே எங்கள் வாடிக்கையாளராக வந்தது. முத்துக்குமார் வேலை பார்த்த அதே தொழிற்சாலை. கொண்டுவந்தது அக்காதான். விபத்து அறிக்கையில் கையெழுத்துப் போட்ட மேலாளர் அதற்குள் அங்கே தொழிற்சாலைக்கே தலைவராக, ப்ளான்ட் ஹெட் ஆகியிருந்தார். ஒப்பந்தப்படி அவர்கள் எல்லா எந்திரங்களின் நிரல்களையும் கொடுத்தார்கள். சனிக்கிழமைதோறும் புதிய நகல் தானாகவே எங்களுக்கு வந்து விழவும் ஏற்பாடு ஆயிற்று.

ஒரு வியாழக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் அக்கா என்னைக் கூப்பிட்டார். திரையில் பதினொரு வரிகள் இருந்தன. அவருடைய கருவி பெற்றெடுத்த கருவி கண்டுபிடித்த வழி அது. ஒவ்வொரு முறை எந்திரம் இறங்கும் முன்பும் சென்சாரைக் கேட்டு, 'கை உள்ளே இல்லை' என்ற குறிப்பைப் புதிதாக எழுத வேண்டும். தகட்டுக்கு வடிவம் தரும் அச்சை மாற்றிவிட்டு முதல் தடவை ஓட்டும்போது மட்டும் நிரல் வேறொரு வழியில் போனது. அந்த வழியில் புதிதாக எழுதும் வரி இல்லை. போன தடவை எழுதிய 'கை இல்லை' அப்படியே நின்றது. அதை நம்பி எந்திரம் இறங்கியது.

அண்ணன் கை போனது அச்சு மாற்றிய பிறகு ஓட்டிய முதல் தகட்டில்.

ஒன்பது எந்திரத்திலும் இதே நிரல்தான் இன்றைக்கும் ஓடுகிறது என்றார் அக்கா. மூன்று வாரத்தில் அங்கே செயல்விளக்கம். வெளிநாட்டிலிருந்து பெரிய அதிகாரிகள் வருகிறார்கள். அன்றைக்கு இந்தப் பதினொரு வரியை ப்ளான்ட் ஹெட் தன் வாயால், எல்லார் முன்னாலும் படிக்க வேண்டும். இப்போதே மெயில் அனுப்பினால் சத்தமில்லாமல் சரிசெய்து புதைத்துவிடுவார்.

"அதுவரைக்கும் அக்கா?" என்று கேட்டேன். "தினமும் அச்சு மாத்துறாங்களே."

"ஆறு வருஷமா ஓடிக்கினு கீது. இன்னும் மூணு வாரம் ஓடட்டும்."

நான் கீழே இறங்கி, பைக் நிறுத்தும் இடத்துக்குப் போய் நின்றேன். முத்துக்குமாருக்கு அந்த வாரம் மதியம் தொடங்கும் பி ஷிஃப்ட். எந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்பவன் அவன். அச்சு மாற்றும்போது உள்ளே கைவிட்டுத் துடைப்பவர்களும் அவனுடைய ஆட்கள். ஐந்து நிமிடம் நின்றிருப்பேன். பிறகு அவனுக்குப் போன் செய்து, எந்த நிரல், எந்த வழி, எந்த வரி இல்லை என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஏல, நெசமாத்தான் சொல்லுதியா?" என்று ஒரு தடவை கேட்டான். அதற்குமேல் கேட்கவில்லை.

முத்து ப்ளான்ட் ஹெட்டிடம் நேரே போய்ச் சொல்லியிருக்கிறான். அவர் கதவை மூடிவிட்டு முழுவதையும் கேட்டாராம். உடனே அந்த வரியைச் சேர்த்துவிடு, பேப்பர் வேலையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றாராம். ஷிஃப்ட் முடிவதற்குள் ஒன்பது எந்திரத்திலும் அவன் அதைச் செய்து முடித்தான். மறுநாள் காலையிலேயே, தவிர்க்க முடியாத காரணங்களால் செயல்விளக்கம் ரத்து என்று எங்களுக்கு மெயில் வந்தது.

அக்காவின் முகத்தைப் பார்க்கப் பயந்துகொண்டு அன்று முழுக்க என் இடத்தை விட்டு எழவில்லை. அவர் தயிர்சாதத்தை நிதானமாகச் சாப்பிட்டார். மாலை வழக்கமான பஸ்ஸில் போனார். மறுநாள் சனிக்கிழமை. வழக்கம்போலத் தொழிற்சாலையின் புதிய நகல் எங்களிடம் வந்து விழுந்தது.

திங்களன்று சாமுவேல் அண்ணன் பெயரில் தொழிற்சாலை ஆய்வு அலுவலகத்துக்கு ஒரு மனு போயிற்று. அதோடு ஒன்பது எந்திரங்களின் பழைய நிரலும் புதிய நிரலும். ஒன்பதிலும் ஒரே ஒரு வரி வித்தியாசம். ஒன்பதும் ஒரே வியாழக்கிழமை மாலை மாற்றப்பட்டவை. தொழிலாளியின் கவனக்குறைவுதான் காரணம் என்றால் இவ்வளவு அவசரமாக இந்த ஒரு வரியை ஏன் சேர்த்தீர்கள் என்பதுதான் மனுவின் ஒரே கேள்வி. வாடிக்கையாளரின் நிரலை வெளியே கொடுத்ததற்கு எங்கள் நிர்வாகம் அக்காவுக்கு மெமோ கொடுத்தது. வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

விசாரணை தொழிற்சாலையின் கூட்ட அறையில் நடந்தது. ப்ளான்ட் ஹெட் நல்ல உயரம், பணிவான குரல். டெக்னீஷியன் தானாகவே, அனுமதி இல்லாமல் நிரலில் கைவைத்திருக்கிறான் என்றார். முத்து எழுந்து, சார்தான் செய்யச் சொன்னார் என்றான். எழுத்தில் இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை. எந்த வரி என்று அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று அதிகாரி கேட்டபோது நான் எழுந்து நிற்க வேண்டியதாயிற்று. நான்தான் போன் செய்தேன் என்று சொன்னேன். அக்கா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதிகாரியைப் பார்த்து, அந்தப் பதினொரு வரியையும் சார் படிக்கட்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

அவர் படித்தார். ஏழாவது வரியில் குரல் தேய்ந்தது. அந்தப் புதிய வரி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அதிகாரி கேட்டார்.

"இறங்கும்," என்றார் ப்ளான்ட் ஹெட்.

"கை உள்ள இருந்தாலுமா?"

தாளை மேசையில் வைத்துவிட்டு, "ஆமா," என்றார்.

சாமுவேல் அண்ணன் அப்போது ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் திரும்புவார் என்று அக்கா காத்திருந்தது எனக்குத் தெரிந்தது. அவர் திரும்பவில்லை.

விபத்துக்கு எந்திரத்தின் கோளாறே காரணம் என்று உத்தரவு வந்தது. ப்ளான்ட் ஹெட் முதலில் விடுப்பில் போனார், பிறகு வரவே இல்லை. அக்கா அலுவலகத்தில் லட்டு கொடுத்தார். எல்லாருக்கும் ஒன்று. என்னிடம் வந்தபோது, "நீ ரெண்டு எடுத்துக்க," என்றார். மன்னித்துவிட்டார் என்று நினைத்துச் சாப்பிட்டேன்.

அந்த வாரமே முத்துக்குமாரை வேலையிலிருந்து நீக்கினார்கள். பாதுகாப்பு சம்பந்தப்பட்ட எந்திரத்தின் நிரலை எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் மாற்றியது குற்றம். விதிப்படி அது சரிதான். அவன் அறையைக் காலி செய்து, இரும்புப் பெட்டியைக் கட்டி எடுத்துக்கொண்டு கோவில்பட்டி பஸ் ஏறினான். என்னைத் திட்டக்கூட இல்லை. ஊருக்குப் போன பிறகு என் போனை எடுக்கவில்லை.

நான் மண்ணூருக்குப் போனேன். முத்துவுக்காக ஒரு வார்த்தை எழுதிக் கொடுங்கள், அவன் செய்ததால்தான் உண்மை வெளியே வந்தது, நீங்கள் சொன்னால் கேட்பார்கள் என்று கெஞ்சினேன். அடுப்புக்கு மேலே தாள் இருந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது. அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அவன் தொட்டான். தொட்டவன் பேர்லதான் வரும்," என்றார். அவ்வளவுதான்.

சாமுவேல் அண்ணன் என்னோடு பஸ் நிறுத்தம் வரை வந்தார். வழியெல்லாம் எதையோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டே வந்தவர், பஸ் கண்ணில் பட்டதும் சொன்னார். அந்த வியாழக்கிழமை காலை அக்கா கிளம்பும்போது அவரிடம் சொன்னாராம்: இன்னைக்கு அந்தப் பையன்கிட்ட காட்டப் போறேன், அவன் ரூம்மேட்டு அங்கதான் வேல, சாயந்தரத்துக்குள்ள அங்க போய்ச் சேந்துடும், எந்திரமும் சரியாயிடும்.

"மனசுல வெச்சிக்க முடியல தம்பி," என்றார் அண்ணன்.

பஸ்ஸில் ஏறாமல் திரும்பி நடந்தேன். அக்கா அதே இடத்தில் கீரையோடு உட்கார்ந்திருந்தார். எல்லாம் தெரிந்துதான் என்னிடம் காட்டினீர்களா என்று கேட்டேன். ஆமாம் என்று தலையசைத்தார். மூணு வாரம் ஓடட்டும் என்று நான் சொன்னால் நீ உட்கார்ந்திருக்க மாட்டாய், எனக்குத் தெரியும் என்றார். அது கிட்டத்தட்டப் பாராட்டு மாதிரி இருந்தது. அந்த ஒன்பது எந்திரத்தில் ஒரு கைகூடப் போகக் கூடாது என்பதும் அவர் கணக்கில் இருந்திருக்கிறது.

"முத்துவுக்கு இப்படி ஆகும்னும் தெரியுமா அக்கா?"

ஒரு தண்டை ஒடித்து, இலையைத் தட்டில் போட்டார்.

"ரெண்டு பேர்ல ஒருத்தருக்குன்னு தெரியும். நீயா அவனான்னு தெரியல."

மாதக் கடைசியில் அவர் ராஜினாமா செய்தார். ஒரகடத்திலேயே வேறொரு பெரிய தொழிற்சாலையில் எந்திரப் பாதுகாப்புப் பிரிவுக்குத் தலைமையாகப் போனார். எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோடு முடிந்தது. அக்காவின் கருவி தெரிந்த ஆள் நான் ஒருவன்தான் மிச்சம் என்பதால் என்னை அனுப்ப அவர்களால் முடியவில்லை. அந்தக் கருவிக்கு நானே பொறுப்பாளன் ஆனேன்.

அந்தப் பொறுப்பை வைத்துக்கொண்டு அக்காவுக்கு எதைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று ஆறு மாதம் யோசித்தேன். அக்கா ஒரு காரியம் செய்திருந்தார். அவருடைய கருவி எந்த மொழிக்கு எந்தச் சோதனைக் கருவியைப் பெற்றெடுத்தாலும், அதன் தலைப்பில் முதல் வரியாக அவருடைய முழுப் பெயரும் மண்ணூர் என்ற ஊர்ப்பெயரும் தானாக எழுதப்படும். எங்கள் நிர்வாகம் அதைக் கவனித்ததே இல்லை. எத்தனையோ தொழிற்சாலைகளில், எத்தனையோ கணினிகளில், ஒவ்வொரு காலையும் சோதனை தொடங்கும்போது அந்தப் பெயர் மேலே வரும். அவருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை, புதிதாக ஒன்று பிறக்கும்போதெல்லாம் அவர் அந்த முதல் வரியில் கண்ணை நிறுத்தி ஒரு நொடி பார்ப்பதிலிருந்து அறிந்திருந்தேன்.

நான் செய்ய வேண்டியிருந்தது ஒரே ஒரு வரியை நீக்குவதுதான். தாயில் நீக்கினால் பிள்ளைகள் அத்தனையிலும் போய்விடும். ஒரு வெள்ளிக்கிழமை மதியம் நீக்கினேன். யார் செய்தது என்று தெரியாதபடியும் செய்திருக்கலாம். என் பெயரிலேயே செய்தேன். காரணம் எழுத வேண்டிய இடத்தில் 'தேவையில்லாத வரி' என்று எழுதினேன். புதிய பதிப்பு எல்லா வாடிக்கையாளருக்கும் போயிற்று. அக்கா வேலை பார்க்கும் தொழிற்சாலையும் அதில் ஒன்று.

அன்று முத்துவுக்குப் போன் செய்தேன். என்ன தோன்றியதோ, எடுத்தான். ஊரில் ஒரு கடலைமிட்டாய்க் கம்பெனியில் பேக்கிங் எந்திரத்தைப் பார்த்துக்கொள்கிறானாம். நான் செய்ததைச் சொன்னேன். சந்தோஷப்படுவான் என்று எதிர்பார்த்தேன்.

"அந்தம்மா பேர எடுத்துட்டா என் வேல வந்துருமால?" என்றான். பிறகு, பாகு இறக்குகிறார்கள், போக வேண்டும் என்று வைத்துவிட்டான்.

இரண்டு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவது திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அக்காவிடமிருந்து ஒரு மெயில் வந்தது. எனக்கு, என் மேலாளருக்கு, அவருக்கும் மேலே இருப்பவருக்கு. 'மதிப்பிற்குரிய ஐயா' என்று தொடங்கியது. பெயர் நீக்கியதைப் பற்றி ஒரு சொல் இல்லை. கருவியில் நான் சேர்த்திருந்த ஒரு பகுதியில், மூன்று வழிகள் கூடும் இடத்தில் இரண்டை மட்டுமே கணக்கில் எடுக்கிறது என்று எழுதியிருந்தார். எப்படிச் செய்தால் அந்தப் பிழை தெரியும் என்பதும் இருந்தது. நான்கு முறை சோதித்தேன். பிழை உண்மை. நான் எழுதியது. திருத்தி அனுப்பினேன். இப்படிப்பட்ட வாடிக்கையாளர் கிடைப்பது நம் அதிர்ஷ்டம் என்று மேலாளர் கூட்டத்தில் சொன்னார்.

அடுத்த திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு இன்னொன்று வந்தது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நான் எங்கும் போவதில்லை. என்னுடைய வரிகளை முதலிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். சில சமயம் ஒரு பிழையை அவருக்கு முன்னால் கண்டுபிடித்துத் திருத்திவிடுகிறேன். மறுநாள் அவர் வேறொன்றை அனுப்புகிறார். போன வாரத்தோடு பதினேழு ஆகிறது. பதினேழில் ஒன்றுகூடப் பொய்யில்லை. கருவி முன்னைவிட எவ்வளவோ நன்றாக ஆகிவிட்டது என்று எல்லோரும் சொல்கிறார்கள். என்னை மட்டும் கூட்டங்களில் முன்போல எதுவும் கேட்பதில்லை.

அக்கா பெயர் இருந்த அந்த ஒரு வரியைத் திரும்பப் போட்டுவிட்டால் மெயில் நின்றுவிடும் என்று எனக்குத் தெரியும். அதற்கு அரை நிமிடம் போதும். நான் இன்னும் போடவில்லை.